டெலிமார்க்கெட்டிங் கால் தொல்லை: வக்கீல் இல்லாம டெக்சாஸ் ஜஸ்டிஸ் கோர்ட்ல கேஸ் போட்ட அனுபவம் (5க்கு 4)

நான் டல்லாஸ் பக்கம் இருக்கேன், அதனால இது டெக்சாஸ் ஜஸ்டிஸ் கோர்ட், அதாவது சின்னத் தொகை கேஸ் பாக்கற உள்ளூர் கோர்ட் பத்தின ரிவ்யூ. மத்த ஸ்டேட்ல இருக்கறவங்களும் படிக்கலாம், ஏன்னா இந்த மாதிரி விளம்பர காலக் கட்டுப்படுத்தற டிசிபிஏங்கற சட்டம் 1991ல வந்த ஃபெடரல் சட்டம், நாடு முழுக்க அதேதான், கோர்ட்டும் ஃபீஸும்தான் ஊருக்கு ஊரு மாறும். அந்த சட்டத்துல ஒரு காலுக்கு 500 டாலர் வரைக்கும் கேக்கலாம், வேணும்னே பண்ணாங்கன்னு காட்டினா ஜட்ஜ் 1500 வரைக்கும் ஏத்தலாம். முக்கியமா, அரசாங்கம் வந்து கேஸ் போடணும்னு இல்ல, நாமளே போடலாம்.

எனக்கு வந்ததெல்லாம் ரூஃப் கால், அதாவது வீட்டுக் கூரை ரிப்பேர் பண்றோம்னு வர்ற கால். இங்க ஆலங்கட்டி மழை பெஞ்சா போதும், ஃப்ரீயா இன்ஸ்பெக்ட் பண்றோம், இன்ஷூரன்ஸ்ல வாங்கித் தர்றோம்னு ரெக்கார்ட் பண்ண குரல்ல ஆரம்பிச்சு, 1 அமுக்கினா ஒரு ஆள் லைன்ல வருவான். வேணாம்னு சொன்னா கட் பண்ணிட்டு அடுத்த வாரம் வேற நம்பர்லேந்து அதே குரல். குழந்தைய தூங்க வைக்கற நேரம், ஆபீஸ் மீட்டிங் நடுவுலன்னு நேரங்காலமே கிடையாது.

முதல்ல டூ நாட் கால் ரெஜிஸ்ட்ரி, அதாவது விளம்பர கால் வேணாம்னு நம்ம நம்பர பதியற அரசாங்க லிஸ்ட் பத்தி சொல்லிடறேன். 2003லேந்து இருக்கு, காசு கிடையாது, ஒரு தடவ நம்பர பதிஞ்சா எக்ஸ்பயர் ஆகாது. ஆனா அதுல போட்டா கால் நின்னுடும்னு நினைக்காதீங்க, நிக்காது. அது எதுக்குன்னா கேஸுக்குத்தான். பதிஞ்சு 31 நாள் ஆனப்புறம், ஒரே கம்பெனி சார்பா 12 மாசத்துக்குள்ள ஒண்ணுக்கு மேல கால் வந்தா கேஸ் போட வழி இருக்கு. செல்போனுக்கு ரெக்கார்டட் குரல்ல நம்ம சம்மதம் இல்லாம விளம்பர கால் வந்தா இன்னும் சுலபம், ரெஜிஸ்ட்ரி கூட வேணாம், ஒரு கால் போதும். ஏஐ குரலும் இதுல அடக்கம்னு 2024 பிப்ரவரில எஃப்சிசி, அதாவது தொலைத்தொடர்ப கவனிக்கற ஃபெடரல் அமைப்பு சொல்லிடுச்சு.

உண்மையான வேலை கோர்ட்ல இல்லங்க, யாரு கூப்பிட்டாங்கன்னு கண்டுபிடிக்கறதுலதான் இருக்கு. கால் பண்றவன் வேற ஏதோ நாட்டுல உக்காந்திருப்பான், ஸ்க்ரீன்ல வர்ற நம்பர் பொய், அவன் சொல்ற பேரும் பொய், "ரூஃபிங் டிபார்ட்மென்ட்"னு ஒரு கம்பெனி உலகத்துல கிடையாது. அவன கேஸ்ல இழுக்க முடியாது, அவன் யாருக்காக கூப்பிட்டானோ அவங்களத்தான் பிடிக்கணும். நான் பண்ணது, லைன்ல வந்த ஆள்கிட்ட சண்ட போடாம, உங்க கம்பெனி முழுப் பேர் என்ன, லைசென்ஸ் யாரு பேர்ல இருக்கு, திருப்பி கூப்பிட நம்பர் என்னன்னு பொறுமையா கேட்டேன். ரூல்படி யாருக்காக கூப்பிடறாங்கன்னும் ஒரு கான்டாக்ட் நம்பரோ அட்ரஸோவும் அவங்க சொல்லியே ஆகணும், பாதிப் பேர் சொல்ல மாட்டான். ஒருத்தன் மட்டும் ஈமெயில் அனுப்பினான், அதுல கீழ கம்பெனி பேரு இருந்துச்சு. அந்தப் பேர டெக்சாஸ் கம்ப்ட்ரோலர் (ஸ்டேட் வரி ஆபீஸ்) சைட்ல ஃப்ரான்சைஸ் டாக்ஸ் தேடல்ல போட்டா ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் (கம்பெனி சார்பா கோர்ட் பேப்பர் வாங்கிக்கற ஆள்) பேரும் அட்ரஸும் ஃப்ரீயாவே வந்துடுது, சம்மன் அங்கதான் போகணும். பேர்ல எல்எல்சியா இன்க்கா, ஒரு கமா கூட அதுல இருக்கற மாதிரியே பெட்டிஷன்ல எழுதுங்க.

ஒவ்வொரு காலுக்கும் தேதி, மணி, நம்பர், என்ன பேசினாங்கன்னு ஒரு ஷீட்ல போட்டு வெச்சேன், கூடவே போன் ஸ்க்ரீன்ஷாட், போன் கம்பெனி பில்லுல வர்ற கால் லிஸ்ட். டெக்சாஸ்ல பேசறவங்கள்ல ஒருத்தர் சம்மதம் இருந்தா ரெக்கார்ட் பண்ணலாம். கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா மாதிரி ஊர்ல எல்லாரோட சம்மதமும் வேணும், கூப்பிடறவன் அங்கேந்து கூப்பிட்டா சிக்கல், அதனால ஆரம்பத்துலயே ரெக்கார்ட் பண்றேன்னு சொல்லிட்டா நல்லது.

இப்ப கோர்ட்டுக்கு வர்றேன். ஜஸ்டிஸ் கோர்ட்ல 20,000 டாலர் வரைக்கும் போடலாம், ஆன்லைன்லயே ஃபைல் பண்ணலாம், கான்ஸ்டபிள் போய் சம்மன் குடுப்பாரு, ஃபீஸெல்லாம் ஜெயிச்சா எதிர்பார்ட்டி தலையில விழும். 14 நாளுக்குள்ள பதில் போடலன்னா டீஃபால்ட் தீர்ப்பு, அதாவது அவங்க பதில் இல்லாமலே நமக்கு சாதகமா தீர்ப்பு கேக்கலாம். கவுன்ட்டர்ல இருந்த அம்மா ரொம்ப மரியாதையா பேசினாங்க, எந்த ஃபார்ம், எத்தன காப்பின்னு எல்லாம் சொன்னாங்க, ஆனா "என் கேஸ் நிக்குமா"ன்னு கேட்டா சட்ட ஆலோசனை சொல்லக்கூடாதுன்னு நிறுத்திடறாங்க, அது அவங்க தப்பில்ல. இன்னொண்ணு, இங்க ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ், அதாவது இந்த கோர்ட் ஜட்ஜ் ஆகறதுக்கு வக்கீலா இருக்கணும்னு சட்டம் இல்ல, டிசிபிஏ கேஸ் அடிக்கடி பாக்காதவரா கூட இருக்கலாம். அதனால சட்டத்துல செக்‌ஷன் 227ஐ ப்ரின்ட் எடுத்து, தேவையான வரிய மஞ்சள் ஹைலைட் போட்டு மூணு செட் வெச்சுக்கோங்க, ஜட்ஜுக்கு, எதிர்பார்ட்டிக்கு, உங்களுக்கு.

அந்த ஈமெயில்ல இருந்த கம்பெனிக்கு சம்மன் போனதும் அவங்க வக்கீல்கிட்டேந்து போன். முதல்ல மிரட்டல்தான், நீங்களே வெப்சைட்ல ஃபார்ம் ஃபில் பண்ணி சம்மதம் குடுத்திருக்கீங்கன்னு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாரு. அதுல என் நம்பர் சரி, ஆனா பேரு வேற யாரோடதோ, அட்ரஸ் நான் போனதே இல்லாத ஒரு ஸ்டேட்ல, ஐபி அட்ரஸும் அந்த ஊருதான். இத எழுதி பதில் அனுப்பி, ரூல்படி உங்க டூ நாட் கால் பாலிசிய எழுத்துல குடுங்கன்னு கேட்டேன், அதுக்கப்புறம் பேச்சே மாறிடுச்சு. ஹியரிங் அன்னிக்கு கோர்ட் வராந்தாவுல வெச்சே சமாதானமா போயிடலாம்னு தொகை சொன்னாரு, நான் ஒத்துக்கிட்டேன். எவ்வளவுன்னு வெளிய சொல்லக்கூடாதுன்னு அக்ரிமென்ட்ல இருக்கு, சொல்லல. அந்த ரூஃப் கால் அதோட நின்னுடுச்சு, எனக்கு அதுதான் பெருசு.

ஏன் ஒரு ஸ்டார் கொறச்சேன்னா, தீர்ப்பு வாங்கினாலும் பணத்த வசூல் பண்ணிக் குடுக்கறது கோர்ட் வேல இல்ல. அப்ஸ்ட்ராக்ட் (தீர்ப்போட பதிவுச் சுருக்கம்) எடுக்கணும், ரிட் (சொத்த பறிமுதல் பண்ண கோர்ட் உத்தரவு) வாங்கணும், எல்லாத்துக்கும் தனி ஃபீஸு, நடுவுல கம்பெனிய மூடிட்டு வேற பேர்ல ஆரம்பிச்சா அலைச்சல்தான். தோத்தவங்க 21 நாளுக்குள்ள கவுன்ட்டி கோர்ட்டுக்கு அப்பீல் போனா அங்க மொதல்லேந்து விசாரணை. பெரிய கம்பெனியா இருந்தா ஃபெடரல் சட்டம்னு சொல்லி கேஸ ஃபெடரல் கோர்ட்டுக்கே மாத்திடலாம், அங்கயும் நாமளே வாதாடலாம், ஆனா பேப்பர் வேல அதிகம், அப்ப ஒரு வக்கீல பாத்துடறது உத்தமம்.

எல்லா காலுக்கும் இது செல்லாது. எலக்‌ஷன் கால், சேரிட்டி, சர்வே எல்லாம் ரெஜிஸ்ட்ரில வராது. நீங்க ஏதாவது வாங்கின கம்பெனி 18 மாசம் வரைக்கும், விலை விசாரிச்சிருந்தா 3 மாசம் வரைக்கும் கூப்பிடலாம், ஆனா கூப்பிடாதீங்கன்னு சொல்லிட்டா நிறுத்தணும். ஆப்பிள் கிஃப்ட் கார்டு வாங்கிட்டு வான்னு சொல்ற திருட்டுப் பசங்க மேல கேஸ் போட்டு பிரயோஜனம் இல்ல, பேரும் கிடையாது, அட்ரஸும் கிடையாது.

ஃப்ரிஸ்கோ, இர்விங் பக்கம் நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்கறது, ஹெச்1பி வேலை விசாவுல இருக்கேன், கேஸ் போட்டா விசாவுக்கு ஏதாவது ஆகுமான்னு. இது சிவில் கேஸ், அதுவும் போடறது நாம, ஃபார்ம்ல சிட்டிசனான்னு ஒரு கேள்வி கூட கிடையாது, தாராளமா போடுங்க. நாள் ஆயிடுச்சேன்னும் விட்டுடாதீங்க, 4 வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. போன் மாத்தும்போது பழைய கால் லாக மட்டும் அழிச்சுடாம காப்பி எடுத்து வெச்சுக்கோங்க.