வார் ஹார்ஸ்: நாவல், நாடகம், படம் - பிள்ளைகளுக்கு முதலில் எது?

ஒரே கதை மூன்று வடிவில் இருக்கிறது. மைக்கேல் மோர்பர்கோ 1982-ல் எழுதிய 'வார் ஹார்ஸ்' நாவல், லண்டன் நேஷனல் தியேட்டர் 2007-ல் மேடையேற்றிய நாடகம், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2011-ல் எடுத்த படம். அக்கா பையனுக்கு 11 வயது. முதலாம் உலகப் போரைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கிற பருவம். இந்த மூன்றில் எதை அவனுக்கு முதலில் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது நண்பர்கள் பலரும் நாவல் என்றார்கள். நாடகத்தை நேரில் பார்த்த ஒருவர், நாடகத்தைத் தவிர மற்றதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்றார். நான் படத்தைப் போட்டுக் காட்டினேன். இன்று கேட்டாலும் அதைத்தான் செய்வேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கதையின் முடிவு வரை போக வேண்டியிருக்கும். முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஒரு குடியானவக் குடும்பம். அப்பா குடிபோதையில், நிலத்துக்காரரோடு வீம்புக்கு ஏலம் கேட்டு, உழவுக்கு உதவாத ஒரு குதிரையை வாங்கி வருகிறார். மகன் ஆல்பர்ட் அதற்கு ஜோயி என்று பெயர் வைத்து வளர்த்துப் பழக்குகிறான். 1914-ல் போர் மூள, பணமுடையில் அப்பா குதிரையை ராணுவத்துக்கு விற்றுவிடுகிறார். ஜோயி பிரான்சுக்குப் போகிறது. ஆங்கிலேயர், ஜெர்மானியர், ஒரு பிரெஞ்சுச் சிறுமி, மறுபடி ஜெர்மானியர் என்று கைமாறிக்கொண்டே போகிறது. கடைசியில் பையனும் குதிரையும் சேர்கிறார்கள்.

எளிதில் ஒப்பிடக்கூடியவற்றை முதலில் முடித்துவிடலாம். நாவல் சின்னது, வாசிக்கிற பழக்கம் உள்ள பிள்ளை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். ஆங்கில நடையும் எளிமை. படம் 146 நிமிடம், ஒரே மூச்சில் பார்க்க நீளம்தான். அமெரிக்காவில் பிஜி-13, பிரிட்டனில் 12ஏ என்று, சிறு பிள்ளைகள் விஷயத்தில் பெரியவர்கள் கவனம் தேவை என்கிற வயதுச் சான்றிதழ் பெற்றது, ஆகவே பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நாடகத்துக்கு நல்ல அரங்கமும் அந்தக் குழுவும் வேண்டும், நினைத்த நேரத்தில் பார்க்கிற விஷயமில்லை. நடிப்பு, இசை, ஒளிப்பதிவில் படத்தைப் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இசை ஜான் வில்லியம்ஸ், ஒளிப்பதிவு யானுஷ் காமின்ஸ்கி. ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன, ஒன்றும் கிடைக்கவில்லை.

இவை எதுவும் என் தேர்வைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி. இது ஒரு பையனுக்கும் குதிரைக்கும் உள்ள பாசத்தைப் பற்றிய கதை என்கிறோம், ஆனால் கதையின் நடுப்பகுதி முழுக்கப் பையன் இல்லை. அவன் ஒரு தேசத்தில், குதிரை வேறொரு தேசத்தில். அவ்வளவு நேரமும் அந்தப் பாசத்தை எது தாங்கிப் பிடிக்கிறது? இந்த இடத்தில்தான் மூன்றும் மூன்று வழியில் போகின்றன. இதில் சறுக்கினால் கடைசியில் அவர்கள் சேரும்போது நமக்கு ஒன்றும் தோன்றாது.

நாவலில் இதற்குச் சிக்கலே இல்லை. கதையைச் சொல்வதே ஜோயிதான். 'நான்' என்று குதிரை பேசுகிறது. ஆல்பர்ட் பக்கத்தில் இல்லாதபோதும் அவனை நினைத்துக்கொள்கிறது, அவன் குரலுக்கு ஏங்குகிறது, நமக்கும் அதைச் சொல்லிவிடுகிறது. மோர்பர்கோவின் நடை அடக்கமானது, குதிரையை மனிதனாக்கிவிடாமல் கவனமாகவே எழுதியிருக்கிறார். எந்த நாட்டுக்காரனையும் எதிரி என்று பார்க்கத் தெரியாத ஒரு விலங்கின் கண் வழியாகப் போரைக் காட்டுவது பெரிய யோசனை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நினைவு என்பது சொல்லப்பட்டுவிடுகிறது. 'அவனை மறக்கவில்லை' என்று குதிரையே சொல்லிவிட்ட பிறகு வாசகனுக்கு அங்கே கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை.

மேடையில் குதிரையின் மனக்குரலைக் கொண்டுவர முடியாது. நாடகமாக்கிய நிக் ஸ்டாஃபோர்டு வேறு வழி கண்டார். பையனை மேடையை விட்டுப் போக விடவில்லை. வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்து, குதிரையைத் தேடிக்கொண்டு அவனே பிரான்சுக்குப் போகிறான். ஜோயி ஒரு பக்கம், ஆல்பர்ட் ஒரு பக்கம் என்று காட்சிகள் மாறி மாறி வருகின்றன. மேடைக்கு இது பொருந்துகிறது. ஆனால் பாரம் முழுக்கப் பையன் தோளுக்கு வந்துவிடுகிறது. பாசம் என்பது அவன் தேடுவது என்றாகிவிடுகிறது, குதிரையின் பக்கம் கொஞ்சம் இளைத்துப்போகிறது.

படம் இரண்டையும் செய்யவில்லை. குதிரை பேசாது. ஆல்பர்ட்டையும் நீண்ட நேரத்துக்குக் கண்ணில் காட்ட மாட்டார்கள். அதற்குப் பதிலாக அவன் கற்றுக்கொடுத்ததைக் குதிரையின் உடம்பில் வைத்து அனுப்புகிறார்கள்.

ஏர் ஓட்டும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோயி ஒல்லியான கால்களோடு ஓடப் பிறந்த சாதி. ஏரில் பூட்டக் கழுத்தில் கனத்த வளையத்தை மாட்டினால் தலையை உதறித் தள்ளுகிறது. கோபத்தில் அப்பா துப்பாக்கியைத் தூக்குகிறார். நான் பழக்கிக் காட்டுகிறேன் என்று பையன் குறுக்கே நிற்கிறான். பிறகு கல்லும் கரடுமான சரிவு நிலத்தில், ஊரே வேடிக்கை பார்க்க, பையன் கலப்பையைப் பிடிக்க, மழை வந்து மண்ணை இளக்க, கொழு ஒரு பாறையைப் பிளந்துகொண்டு போகிறது. படம் வந்த காலத்தில், இந்தக் காட்சிக்கு இவ்வளவு நேரம் எதற்கு என்று என்னோடு பார்த்தவர்கள் முணுமுணுத்தார்கள். அந்த நேரத்துக்கான பலன் பின்னால் வருகிறது.

ஜெர்மானியர் கையில் சிக்கியதும் ஜோயியையும் அதன் தோழன் டாப்தோர்னையும் ஆம்புலன்ஸ் வண்டியில் பூட்டப் பார்க்கிறார்கள். டாப்தோர்ன் கருப்பு நிறம், ராஜ கம்பீரம், சவாரி மட்டுமே தெரிந்த குதிரை. வளையத்தைக் கண்டு மிரள்கிறது. வண்டி இழுக்காத குதிரையை வைத்துத் தீனி போட அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. அப்போது ஜோயி முன்னால் வந்து வளையத்துக்குள் தலையைக் கொடுக்கிறது. வசனம் கிடையாது, ஆல்பர்ட்டின் முகத்தை வெட்டிக் காட்டுவதும் கிடையாது. ஆனால் டெவனில் அந்தப் பையன் எதற்காக மல்லுக்கட்டினானோ அது இங்கே இரண்டு உயிரைக் காப்பாற்றுகிறது என்று திரைக்கு வெளியே இருக்கிற நமக்குத் தெரியும். அக்கா பையன் இந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்து, "மாமா, அவன் சொல்லிக்கொடுத்தது!" என்றான். அதை அவனே கண்டுபிடித்தான். நான் படத்தின் பக்கம் நிற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இதே விஷயம் இன்னும் இரண்டு தரம் வருகிறது. பின்னால் டாப்தோர்ன் கால் தளர்ந்து நிற்கும்போது, பீரங்கியை மேட்டில் இழுக்க அதைப் பிடிக்க வருகிறார்கள். ஜோயி முந்திக்கொண்டு அந்த இடத்தில் போய் நிற்கிறது. அதன்பின் கடைசிச் சேர்க்கை. நாவலில் ஆல்பர்ட் கால்நடை மருத்துவப் படையில் வேலை செய்கிறான், சேற்றைக் கழுவும்போது அடையாளம் தெரிகிறது. நம்பும்படியாக, நிதானமாக எழுதப்பட்ட இடம். படத்திலோ அவன் நச்சுப் புகையில் கண் எரிந்து, கட்டுப்போட்டு நிற்கிறான். காயம்பட்ட குதிரையைச் சுட்டுவிடத் துப்பாக்கி தயாராக இருக்கிறது. பார்வையில்லாத பையன் இரண்டு கையையும் குவித்து, குட்டியாக இருந்தபோது அதைக் கூப்பிட்ட அதே சீட்டியை அடிக்கிறான். ஜோயி திரும்புகிறது. அதன் பிறகுதான் அவன் வாயால் நான்கு வெள்ளைக் கால்களையும் நெற்றியின் வெள்ளைக் குறியையும் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் சேற்றைத் துடைத்துப் பார்க்கிறார்கள். முதலில் அடையாளம் கண்டுகொண்டது குதிரை. படம் முழுக்கக் குதிரையின் உடம்பில் சேர்த்துவைத்ததை இந்த ஒரு சீட்டியில் செலவழிக்கிறார்கள்.

அப்பாவின் படைப்பிரிவுக் கொடித்துணி ஒன்றும் கைமாறிக் கைமாறி வருகிறது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது கதாசிரியர்கள் கட்டிய முடிச்சு. வளையமும் சீட்டியும் அப்படியல்ல.

இதைச் சாதிக்க உண்மையான குதிரைகள் வேண்டும். ஜோயியாக நடித்தவை குட்டியிலிருந்து வளர்ந்தது வரை பதினான்கு குதிரைகள். நெருக்கத்தில் பார்த்தால் காது எப்போது பின்னால் மடிகிறது, மூக்குத் துவாரம் எப்போது விரிகிறது என்பதுதான் நடிப்பு. முள்கம்பியில் சிக்கும் இடத்தில் மட்டும் சில காட்சிகளுக்கு இயந்திரக் குதிரையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், எந்தக் குதிரையையும் உண்மையான முள்கம்பிக்குள் தள்ளவில்லை. பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் அந்தக் காட்சியில் வேறெதுவும் மனதில் ஏறாது. ஏற வேண்டியது நிறைய இருக்கிறது. இரு தரப்பு அகழிகளுக்கும் நடுவே ஓர் ஆங்கிலேயச் சிப்பாயும் ஒரு ஜெர்மானியனும் சேர்ந்து கம்பியை வெட்டுகிறார்கள். இன்னொரு கட்டர் வேண்டும் என்று குரல் கொடுத்ததும் ஜெர்மானிய அகழியிலிருந்து ஒன்றல்ல, நாலைந்து கட்டர்கள் பறந்து வந்து விழுகின்றன.

நாடகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அரங்கில் நேரில் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை, திரையில் பதிவாகப் பார்த்ததுதான். ஆகவே என் தீர்ப்பை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவில் பார்த்தும் அசந்துபோன இடங்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் குழு பிரம்பு, அலுமினியம், தோல், மெல்லிய துணி கொண்டு செய்த, நிஜக் குதிரை அளவுள்ள பொம்மைக் குதிரைகள். ஒவ்வொன்றையும் மூன்று பேர் இயக்குகிறார்கள், ஒருவர் தலை, இருவர் உள்ளே முன்னும் பின்னும். ஆட்களை மறைக்கவில்லை, சில நிமிடங்களில் நம் கண்ணே அவர்களை மறந்துவிடுகிறது. குட்டி ஜோயி துண்டு துண்டாகப் பிரிந்து விலக, அதன் இடத்தில் வளர்ந்த ஜோயி பாய்ந்து வரும் தருணமும், டாப்தோர்ன் சாகும்போது இயக்கியவர்கள் மூவரும் வெளியே வந்து விலகிப் போக, கூடு மட்டும் கிடக்கும் தருணமும் படத்தில் இல்லாத உயரம். 2011-ல் நியூயார்க்கில் சிறந்த நாடகத்துக்கான டோனி விருது வாங்கியது சும்மா இல்லை. வாய்ப்புக் கிடைக்கிறவர்கள் கட்டாயம் போங்கள். ஆனால் அங்கே நாம் வியப்பது பெரும்பாலும் அந்தக் கலையை. பிள்ளைகளின் கவனமும் 'எப்படிச் செய்தார்கள்' என்பதில் போய்விடும் என்பது என் ஊகம், எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

படத்தின் குறைகளும் உண்டு. ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்வது எனக்கு உறுத்தல். நாவலில் மனிதர்கள் பேசுவதைக் குதிரை கேட்டுச் சொல்வதால் மொழிப் பிரச்சினையே எழுவதில்லை. பிரெஞ்சுச் சிறுமி எமிலியின் பகுதி தேவைக்கு மேல் இனிப்பு. முடிவில் ராணுவம் குதிரைகளை விற்கும் ஏலத்தில் அவள் தாத்தா வந்து குதிரையை வாங்கி ஆல்பர்ட்டிடம் தரும் இடத்தில் நாவல் தெளிவாக ஒருபடி மேலே நிற்கிறது. அங்கே தாத்தா ஒரே ஒரு பென்னிக்கு விற்கிறார். இறந்துபோன எமிலியைப் பற்றி எல்லோரிடமும் பேச வேண்டும், அவள் பெயர் அழிந்துவிடக் கூடாது என்பதுதான் உண்மையான விலை. ஸ்பீல்பெர்க் இதை ஏன் கைவிட்டார் என்று இன்னும் ஆதங்கம்தான்.

அந்த ஏலம் கற்பனையில்லை. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் தன் குதிரைகளில் ஏராளமானவற்றை அங்கேயே விற்றது, கசாப்புக்காரர்களும் வாங்கினார்கள். எல்லா நாடுகளுக்கும் சேர்த்து அந்தப் போரில் சுமார் 80 லட்சம் குதிரைகள் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். இந்தியக் குதிரைப்படையும் அங்கே இருந்தது. 1916 ஜூலை 14 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் ஹை வுட் என்ற காட்டருகே டெக்கான் ஹார்ஸ் பிரிவு ஈட்டியோடு பாய்ந்தது. படத்தில் கோதுமை வயலிலிருந்து குதிரைப்படை பாய்ந்து, காட்டோர இயந்திரத் துப்பாக்கிகளில் போய் விழும் காட்சியைப் பார்த்த பிறகு இதைச் சொன்னால் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள். அந்தக் காட்சியில் ரத்தம் அதிகம் இல்லை. துப்பாக்கிகளைத் தாண்டி வரும் குதிரைகளின் முதுகில் ஆள் இல்லை, அவ்வளவுதான் காட்டுகிறார்கள்.

போட்டுக் காட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. படையை விட்டு ஓடிய இரண்டு ஜெர்மானியச் சகோதரர்களைச் சுடும் இடத்தில், காற்றாலையின் இறக்கை ஒன்று சுழன்று வந்து சரியாக அந்த நொடியை மறைக்கிறது. ரத்தம் தெரியாததால் பயமில்லை என்று நினைத்துவிட வேண்டாம், அக்கா பையன் அதிகம் கேள்வி கேட்டது அதைப் பற்றித்தான். பக்கத்தில் இருந்து பாருங்கள். படத்தை ஏர் ஓட்டும் காட்சியோடு நிறுத்தி, மீதியை மறுநாள் பார்த்தாலும் கெடுதல் இல்லை. நாவலை அதன் பிறகு, ஒரு மாதம் கழித்துக் கையில் கொடுங்கள். கதை தெரிந்துவிட்டதால் பிள்ளைகள் முடிவை நோக்கி ஓட மாட்டார்கள், குதிரையின் குரலை நிதானமாகக் கேட்பார்கள். அக்கா பையன் இப்போது அதில் பாதியில் இருக்கிறான்.