ஃபேனி ஹென்சல், கிளாரா ஷூமன்: யாருடைய பாடல்களிலிருந்து தொடங்கலாம்?

19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் பெண் இசையமைப்பாளர்களைக் கேட்கத் தொடங்குபவர்முன் இவ்விரு பெயர்களே முதலில் வந்து நிற்கும்.

1805-இல் பிறந்த ஃபேனி, இசை உனக்கு அணிகலனாக மட்டுமே இருக்க முடியும் என்று தந்தை கடிதம் எழுதிய வீட்டில் வளர்ந்தவர். ஏறத்தாழ 250 பாடல்களுக்கு இசையமைத்தும், அவற்றில் ஆறு, இசையமைப்பாளரான தம்பி ஃபெலிக்ஸ் மெண்டல்சனின் பெயரிலேயே அச்சேறின. 1842-இல் பக்கிங்ஹாம் அரண்மனையில் விக்டோரியா அரசி, ஃபெலிக்ஸின் தொகுப்பிலிருந்து தமக்குப் பிடித்த ‘இத்தாலி’ பாடலைத் தேர்ந்து பாடியபோது, அது அக்காளுடையது என்று ஃபெலிக்ஸ் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தம் பெயரில் முதல் பாடல் தொகுப்பை ஃபேனி வெளியிட்டது 1846-இல். மறு ஆண்டே மறைந்தார்.

1819-இல் பிறந்த கிளாராவோ சிறுவயதிலேயே மேடையேறிய பியானோ கலைஞர். அவருடைய பாடல்கள் முப்பதுக்குச் சற்றுக் குறைவு. 1841-இல் கணவரும் இசையமைப்பாளருமான ராபர்ட்டுடன் வெளியிட்ட பன்னிரண்டு பாடல் தொகுப்பில் மூன்று அவருடையவை. எது யாருடையது என்று அதில் குறிக்கப்படவில்லை, விமர்சகர்கள் திணறியதில் வியப்பில்லை. 1856-இல் கணவர் இறந்தபின், குடும்பத்தைத் தாங்கக் கச்சேரிகளில் மூழ்கிய அவர் இயற்றுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார்.

பாடலே நோக்கமெனில் ஃபேனியையே நான் பரிந்துரைப்பேன்: தேர்ந்தெடுக்க நிறைய உண்டு, சுரப்போக்கில் துணிச்சலும் கூடுதல். பியானோவின் பங்கைக் கூர்ந்து கேட்பவருக்குக் கிளாராவே பொருத்தம். அங்கே பியானோ பக்கவாத்தியமாக ஒதுங்கி நிற்பதே இல்லை.