கைரேகை விழாத விரல்களும் ஸ்மார்ட் குடும்ப அட்டையும்: எட்டு ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டு ஸ்மார்ட் குடும்ப அட்டை 2017ஆம் ஆண்டின் நடுவில் கைக்கு வந்தது. அதுவரை இருந்தது 2005இல் கொடுத்த காகித அட்டை. அதன் காலம் முடிந்த பிறகும் ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டியே ஓட்டியதில் அது பஞ்சாங்கம் போலத் தடித்துப் போயிருந்தது. புது அட்டை அம்மாவின் பெயரில் இருக்கிறது, பதிவு செய்த கைபேசி எண் மட்டும் என்னுடையது. அம்மாவுக்கு இப்போது வயது 74. திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தனியாக வசிக்கிறார், நான் சென்னையில் இருக்கிறேன். அட்டையைக் கொண்டு சாமான் வாங்குபவர் அவர், அதற்கு வரும் குறுஞ்செய்தியைப் படிப்பவன் நான் என்பதால், இதை இருவரின் அனுபவமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குறுஞ்செய்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் பில் போட்ட சில நிமிடங்களில், எந்தப் பொருள் எவ்வளவு வாங்கப்பட்டது என்று தமிழ்நாட்டில் குடும்ப அட்டை வைத்திருக்கும் ஒருவருக்கு அரசே தெரிவிப்பது சிறிய மாற்றமன்று. பேனாவால் எழுதிய காலத்தில், நாம் வாங்காத பொருள் நம் கணக்கில் எழுதப்பட்டிருந்தாலும் அது நமக்குத் தெரியவே தெரியாது. 2018இல் ஒருநாள் நான் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு லிட்டர் பாமாயிலும் ஒரு கிலோ துவரம்பருப்பும் வாங்கியதாகச் செய்தி வந்தது. அம்மாவை அழைத்துக் கேட்டால், அந்த மாதம் கடைப் பக்கமே போகவில்லை என்றார். மறுநாள் அவர் கடைக்குப் போய், மகனுக்கு மெசேஜ் வந்துவிட்டது என்று ஒரே வார்த்தை சொன்னார். விற்பனையாளர் மறுபேச்சில்லாமல் இரண்டையும் எடுத்துக் கொடுத்தார். லிட்டர் 25 ரூபாய்க்கும் கிலோ 30 ரூபாய்க்கும் கிடைக்கும் பொருள்கள் வெளிச்சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். எட்டு ஆண்டுகளில் இந்த அமைப்பில் எனக்கு ஐயமின்றிப் பிடித்தது இதுதான்.

சிக்கல் 2020 அக்டோபரில் தொடங்கியது. எந்த ஊர்க் கடையிலும் பொருள் வாங்க வழிசெய்யும் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் தமிழ்நாட்டிலும் நடைமுறைக்கு வந்து, அட்டையை ஸ்கேன் செய்வதோடு ஆதாரில் உள்ள கைரேகையும் ஒத்துப்போக வேண்டும் என்றானது. அதுவரை அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத மாதங்களில் பக்கத்து வீட்டுப் பையனிடம் அட்டையையும் பையையும் கொடுத்தனுப்புவார், சாமான் வந்துவிடும். அட்டையைக் கொடுத்தனுப்பலாம், விரலை எப்படிக் கொடுத்தனுப்புவது?

அதிலும் அம்மாவின் விரல்கள் நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றிய விரல்கள். இலையை நனைத்து, கத்தரித்து, தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி மடக்கியே பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வழவழவென்று தேய்ந்துவிட்டன. ஊருக்குப் போயிருந்த ஒரு மாதம் நானும் வரிசையில் உடன் நின்றேன். "ஆச்சி, தலையில ஒரு தடவ தேய்ச்சிட்டு வைங்க" என்றார் விற்பனையாளர். எண்ணெய்ப் பசை ஏறினால் ரேகை விழும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. அம்மா தலையில் தேய்த்து வைத்தார், சேலை முந்தானையில் துடைத்து வைத்தார், மேசைமேல் இருந்த ஈரத்துணியில் ஒற்றி வைத்தார். வலக்கை முடிந்து இடக்கையின் மோதிர விரலுக்கு வந்தபோது இயந்திரம் ஒருவழியாக ஏற்றுக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ தப்புச் செய்தவர் போல அவர் நின்ற அந்த நிற்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ரேகை விழாவிட்டால் பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி வரும். அந்த எண் என்னுடையது என்பதால், அலுவலகக் கூட்டத்தின் நடுவே "ஓடிபி வந்துச்சா சார்?" என்று விற்பனையாளரே அழைப்பது பழகிப்போன ஒன்று. வர இயலாத முதியவர்கள் வேறொருவரை நியமித்துப் படிவம் கொடுக்கலாம் என்ற ஏற்பாடும் உண்டு. ஆனால் அப்படி ஒரு படிவம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவே ஓராண்டுக்கு மேல் ஆனது. அண்மையில் சில கடைகளுக்குக் கருவிழிப் பதிவும் வந்திருக்கிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு அது அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சலிப்பையும் சொன்ன நான் இதைச் சலிப்பு என்பதோடு நிறுத்திக்கொள்ள முடிவது எதனால் என்றும் யோசித்திருக்கிறேன். 1997இல் ஒன்றிய அரசு வறுமைக்கோட்டை வைத்து ரேஷனைப் பிரித்தபோது தமிழ்நாடு அதற்கு உடன்படாமல் எல்லாருக்குமான விநியோகத்தைத் தொடர்ந்தது. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்து, அட்டையில் பிஎச்எச் (முன்னுரிமைக் குடும்பம்), என்பிஎச்எச் (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்று குறியீடுகள் ஏறிய பிறகும், முன்னுரிமை இல்லாத அரிசி அட்டைக்கும் அரிசி நிற்கவில்லை. 2011 ஜூன் முதல் அது விலையில்லாமலும் கிடைக்கிறது. ஏழை எளியவரோடு ஓரளவு வசதியுள்ளவரும் நிற்கும் வரிசை என்பதால், கருவி பழுதானால் சத்தம் எழும், அந்தச் சத்தம் சட்டமன்றம் வரைக்கும் போகும். ஜார்க்கண்டில் அந்த வரிசை வேறு. சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இணைக்காததால் அந்தக் குடும்பத்தின் அட்டை நீக்கப்பட்டிருந்தது. அது பட்டினிச் சாவு அல்ல என்று அரசுத் தரப்பு மறுத்தது. ரேஷனில் ஆதாரைக் கட்டாயமாக்குவதை எதிர்த்துப் பொருளியலாளர்களான ழான் த்ரேஸும் ரீத்திகா கேராவும் தொடர்ந்து எழுதியவர்கள். ஆயினும் 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் நலத்திட்டங்களுக்கு ஆதார் கேட்பது செல்லும் என்றனர், சந்திரசூட் மட்டும் மாறுபட்டார். ஒரே வகைக் கருவி ஓரிடத்தில் அரை மணி நேரத் தாமதமாகவும் வேறோரிடத்தில் பசியாகவும் முடிவதற்குக் காரணம் கருவிக்குள் இல்லை.

அடுத்தது எடை. குறுஞ்செய்தி பில்லில் இருப்பதைத்தான் சொல்லும், பைக்குள் இருப்பதைச் சொல்லாது. பதினைந்து கிலோ என்று பில் வரும், வீட்டில் நிறுத்தால் குறையும். இதைத் தடுக்க 2025இல் மின்னணுத் தராசைப் புளூடூத் வழியே பில் இயந்திரத்தோடு இணைத்தார்கள். தராசில் சரியான எடை ஏறினால்தான் பில் நகரும். நல்ல ஏற்பாடுதான், எங்களுக்கு எடை சரியாகவே வந்தது. ஆனால் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே நிறுத்தி இணைப்புக்குக் காத்திருந்ததில் வரிசை நீண்டது, ஊழியர் சங்கங்களும் எதிர்ப்புத் தெரிவித்தன. எங்கள் விற்பனையாளர் சொன்னதில் நியாயம் இருக்கிறது: "கிடங்குல இருந்து வர்ற மூட்டையே குறையுது சார். அங்க யாரு புளூடூத் மாட்டுறா?" அரிசி கிடங்கிலிருந்து லாரியேறிக் கடைக்கு வந்து, கடைசியில்தான் அம்மாவின் பைக்குப் போகிறது. இந்தப் பாதையில் கண்காணிப்புக் கருவி முதலில் பொருத்தப்பட்டது அம்மாவின் விரலில், அடுத்து விற்பனையாளரின் தராசில். எதிர்த்துப் பேச முடியாதவரிடமிருந்து தொடங்கி மேலே போகும் இந்த வரிசைமுறையைப் பொறியியல் காரணங்களால் விளக்க என்னால் இயலவில்லை. பொருள்களைப் பொட்டலமாகவே தாருங்கள் என்பது ஊழியர்களின் நெடுநாள் கோரிக்கை. அதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை என்பதாலோ என்னவோ, எங்கள் கடையில் அதன் திறப்பு விழாவுக்கு இன்னும் நாள் குறிக்கப்படவில்லை.

தொடக்கத்தில் நான் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. கணினியில் ஏறிய குடும்பத் தரவு அரிசி கொடுப்பதோடு நிற்காது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப அட்டையே அடிப்படை. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கும் குடும்பத்துக்கு அந்தத் தொகை இல்லை. எங்கள் தெருவில் மூன்று குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் உள்ள வீட்டில் குடியிருக்கும் அக்கா ஒருவரின் விண்ணப்பம் தள்ளப்பட்டது. மேல்முறையீடு செய்து, மீட்டர் யாருடையது என்று விளக்கிய பிறகே ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியது. எல்லாருக்கும் கொடுப்பதற்கென்று திரட்டிய பட்டியல், யாருக்குக் கொடுக்க வேண்டாம் என்று முடிவெடுக்கவும் அதே அளவு வசதியாக இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 12 அன்று தாயுமானவர் திட்டம் தொடங்கியது. தொடங்கியபோது, எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலிலேயே பொருள்களைக் கொடுப்பதற்கென்று வந்த திட்டம் அது. கைரேகை வந்த பிறகு பக்கத்து வீட்டுப் பையன் செய்ய முடியாமல் போன வேலையை ஐந்து ஆண்டு கழித்து அரசே வண்டி வைத்துச் செய்கிறது என்று நான் கேலி செய்தேன். அம்மா அதை ரசிக்கவில்லை, வாசலில் அரிசி வந்து இறங்குவது அவருக்கு உண்மையிலேயே பெரிய நிம்மதி. முதல் முறை வந்தபோது வண்டி எங்கள் சந்துக்குள் நுழையவில்லை. விற்பனையாளர் இயந்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்து, சிக்னல் கிடைக்கும் இடம் தேடி வேப்பமரத்தடியில் நின்றாராம். அம்மா தலையில் தேய்த்துக்கொண்டு விரலை வைத்திருக்கிறார். சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் கைபேசி அடித்தது. ஓடிபியைச் சொன்னேன்.