பித்தளையும் தேக்கும்: கியூர்ப்பிப் ஈரத்தில் எந்தப் பசை நிற்கிறது?

மொரீசியஸில் கப்பல் மாதிரி செய்பவர்களுக்குக் குறைவில்லை. மழையும் தூறலும் அதிகமுள்ள மேட்டு ஊர்களான கியூர்ப்பிப், ஃப்ளோரியால் பக்கத்துப் பட்டறைகளில் பாய்மரக் கப்பல் செய்து சுற்றுலாக்காரர்களுக்கு விற்பது பல பத்தாண்டுகளாக நடக்கிற தொழில். நான் தொழில்காரன் இல்லை, வீட்டு மாடியில் ஓய்வு நேரத்தில் செய்பவன். பட்டறைக் கப்பல் பெட்டியில் ஏறி ஊர் போய்விடும். என்னுடையவை அலமாரியிலேயே வருடக்கணக்காக நிற்கின்றன. எந்தப் பசை எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதை அதனால்தான் பார்க்க முடிகிறது.

மரத்தோடு மரம் ஒட்ட வெள்ளைப் பசை போதும். பீரங்கி, நங்கூரம், சுக்கான் கீல், ஜன்னல் வளையம் என்று பித்தளை வந்தவுடன்தான் சிக்கல். வெள்ளைப் பசையில் இருக்கும் தண்ணீர் மரத்துளைகள் வழியே வெளியேறினால்தான் அது இறுகும். பித்தளையில் துளை ஏது? மரப்பக்கம் பிடிக்கும், உலோகப் பக்கம் தோல் மாதிரி உரிந்து வரும். போதாக்குறைக்கு அந்த ஈரத்தில் பித்தளை ஓரம் பச்சை பூக்கும். இந்த வேலைக்கு அதை மறந்துவிடலாம்.

எல்லோரும் முதலில் எடுப்பது சூப்பர் க்ளூ. கையால் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஒட்டிவிடுகிற வசதி வேறு எதிலும் இல்லை. தண்ணீர் மாதிரி இருக்கும் வகையை மரம் உறிஞ்சிவிடும், இடையில் ஒன்றும் மிஞ்சாது. ஜெல் வகைதான் வேண்டும். ஆனால் இறுகியபின் அது கண்ணாடி போல முறியும் சாதி. நேராக இழுத்தால் தாங்கும். பக்கவாட்டில் ஒரு தட்டு, தூசி துடைக்கிற துணியின் ஒரு இழுப்பு போதும், பீரங்கி கையோடு வந்துவிடும். கியூர்ப்பிப் தூறலில் இன்னொரு தொல்லை: காற்றில் ஈரம் அதிகமானால் பசையிலிருந்து கிளம்பும் ஆவி சுற்றிலும் வெள்ளைப் படலமாகப் படியும். கறுத்த மரத்தில் அது சாம்பல் பூசியதுபோல் தெரியும். எனக்கு இப்போது சூப்பர் க்ளூ தற்காலிகப் பிடிப்புக்கு மட்டும்தான்.

ஒட்டு விட்டுப்போன துண்டைத் தூக்கி எறியாமல் லென்ஸ் வைத்து அதன் அடியைப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் ஒரே கதைதான். பசை முழுக்க மரத்திலேயே வளையமாக நிற்கும், பித்தளையின் அடி பளபளவென்று இருக்கும். குற்றம் பசையினுடையது இல்லை, பித்தளை அதைப் பிடிக்கவே இல்லை. கடையில் வாங்கும் பித்தளைத் துண்டுகள் பலவற்றின் மேல் நிறம் கறுக்காமலிருக்க மெல்லிய வார்னிஷ் இருக்கும். நாம் ஒட்டுவது அந்த வார்னிஷைத்தான். பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் சொல்வார், "வழவழன்னு இருந்தா எந்தப் பசையும் வழுக்கும் தம்பி, முதல்ல சொரசொரப்பாக்கு." 120 எண் உப்புத்தாளால் அடியைக் கீறி, அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, அதன்பின் விரல் படாமல் ஒட்ட வேண்டும். தேக்கில் எண்ணெய் உண்டு, அதையும் அசிட்டோனால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

பசை என்று கேட்டால் என் ஓட்டு பிசினும் கெட்டியாக்கியும் கலந்து ஒட்டுகிற எப்பாக்ஸிக்கு, அதிலும் மெதுவாக இறுகும் வகைக்கு. அரால்டைட் என்ற எப்பாக்ஸி 1940களிலிருந்தே இருக்கிற சரக்கு. ஐந்து நிமிட வகை அவசரத்துக்கு நல்லதுதான், ஆனால் ஈரத்தையும் பாரத்தையும் அவ்வளவு தாங்காது. முந்தின இரவே ஒட்டிவைக்க முடிந்தால் மெதுவானதையே எடுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று கெட்டியாக்கியைக் கூடுதலாகச் சேர்க்கிறவர்கள் உண்டு. இரண்டும் அளவோடு கலந்தால்தான் முழுதாக இறுகும்; கூடினால் ரப்பர் மாதிரி நின்றுவிடும். கிளிப் போட்டு நசுக்கவும் கூடாது, பசை முழுக்க வெளியே வழிந்துவிடும்.

அதோடு ஒரு ஊசி. பித்தளைத் துண்டின் அடியில் சின்னத் துளை, மரத்தில் அதற்கு நேரே இன்னொரு துளை, நடுவே ஒரு மில்லிமீட்டர் கம்பி. பக்கவாட்டுத் தட்டைக் கம்பி வாங்கிக்கொள்ளும், பசைக்கு வேலை பாதியாகும். தைப்பூசக் காவடிக்காக மரப்பீடத்தில் பித்தளை வேல் பொருத்தித் தந்தபோதும் இதே முறைதான், கம்பி மட்டும் தடிமன். பாலும் மஞ்சள்நீரும் வழிந்தும் அசையவில்லை.

எப்பாக்ஸியே தோற்கிற இடம் நீளமான உலோகப் பட்டை. ஈரம் ஏறி இறங்கும்போது மரம் அகலவாக்கில் விரிந்து சுருங்கும், உலோகத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. கியூர்ப்பிப்பில் செய்து போர்ட் லூயிஸ் வெக்கைக்குப் போன கப்பலில் இதை நன்றாகப் பார்க்கலாம், பட்டையின் நுனிகள்தான் முதலில் எழும்பும். இங்கே கான்டாக்ட் சிமெண்ட் என்ற ரப்பர் பசை மேல். இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்தினால், அது மரத்தோடு கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும். ஆனால் வைத்த இடத்திலிருந்து நகர்த்த முடியாது.

கப்பல் அடியில் செம்புத் தகடு ஒட்டுவதற்கும் அதுவே. அசல் தகடு 4 அடிக்கு 14 அங்குலம். 64-இல் ஒரு பங்கு அளவில் 19 மில்லிமீட்டருக்கு ஐந்தரை. துண்டு துண்டாக இருப்பதால் மரம் அசைந்தாலும் ஒவ்வொரு தகடும் கொஞ்சமே இழுபடும். ஒட்டுமுன் மரத்துக்கு மெல்லிய வார்னிஷ் ஒரு கை கட்டாயம். அப்புறம், செயின்ட் ஜெரான் என்ற பிரெஞ்சுக் கப்பலின் மாதிரிக்குத் தகடு ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். அது மூழ்கியது 1744-இல். பிரிட்டிஷ் கடற்படையே 1761-இல்தான் முதன்முதலாக ஒரு கப்பலுக்குச் செம்பு போட்டுப் பார்த்தது. 1810-இல் மொரீசியஸில் நடந்த கிராண்ட் போர்ட் போரின் பிரிட்டிஷ் கப்பல் சிரியஸுக்கு ஒட்டுங்கள், பொருந்தும்.

பிரிக்க வேண்டி வந்தால் எப்பாக்ஸி ஒட்டில் சால்டரிங் அயர்ன் நுனியைப் பித்தளை மேல் வைத்துச் சூடேற்றுங்கள், பசை இளகி வரும். சூப்பர் க்ளூவை அசிட்டோன் கரைக்கும், கூடவே பக்கத்து வார்னிஷையும் தின்னும். எப்பாக்ஸி கலக்கும்போது கையுறை போடுங்கள். சிலருக்குப் பழகப் பழகத் தோல் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்தால் அப்புறம் துளி பட்டாலும் அரிக்கும்.