தைப்பிங் ஏரிப் பூங்காவுக்கு அம்மாவுடன் போய் வந்தேன்

வயதானவர்களை வெளியே கூட்டிப்போக மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரே ஓர் இடம் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் தைப்பிங் ஏரிப் பூங்காவைத்தான் சொல்வேன். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஏரியோரச் சாலை மேடு பள்ளம் இல்லாத தார்ச் சாலை, முட்டி வலிக்காரர்களும் மெல்ல நடக்கலாம். நிழல் தாராளம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட்டிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன்.

அம்மாவுக்கு 82 வயது. 31 வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்து இத்தனை காலமாகியும் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகிறவர் மாதிரி விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். அவரை வீட்டை விட்டுக் கிளப்புவது லேசில்லை. அன்றைக்குப் பார்த்து, வாடகைக்குச் சொல்லி வைத்த வேன் ஒன்றரை மணி நேரமாகியும் வரவில்லை. "வெயில் ஏறிடுச்சு, இனி எங்க போறது" என்று செருப்பைக் கழற்றிவிட்டார். சரி, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தம்பியின் காரிலேயே கிளம்பினோம்.

வழியில் கோலகங்சாரில் நிறுத்தினோம். நில அலுவலகத்துப் பக்கம் ஒரு பழைய ரப்பர் மரத்தை வேலி போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1877-இல் அந்த ஊரில் நட்ட 9 கன்றுகளில் மிஞ்சியது. பிரேசிலில் பிறந்து, இங்கிலாந்து, சிங்கப்பூர் என்று சுற்றி வந்த இனம். அம்மா அண்ணாந்து பார்த்தார். "இதுவா மொத மரம்?" என்று கேட்டார், வேறொன்றும் பேசவில்லை. காரில் ஏறிய பிறகும் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்தக் கன்றுகள் நட்ட காலத்தில் பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக, அதாவது சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் பிரிட்டிஷ் அதிகாரியாக, இருந்தவர் ஹியூ லோ. அவர் பதவியில் இருந்தபோதே, 1880-இல், தைப்பிங் பூங்காவும் தொடங்கியது. நாட்டின் முதல் பொதுப் பூங்கா இது. யோசனை கர்னல் ராபர்ட் வாக்கருடையது. எடுத்துக்கொண்ட இடமோ ஈயம் தோண்டி முடித்துவிட்டுப் போன லம்பம், அதாவது சுரங்க நிலம். இன்று நாம் வரிசையாக நின்று போட்டோ எடுக்கிற ஏரிகள், ஈயத்துக்காகத் தோண்டிய குழிகள். அந்த ஈயத்துக்கும் அதை அலசும் தண்ணீருக்கும் கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீனக் கூட்டங்கள் 1861 தொடங்கி 1874 வரை நான்கு முறை மோதிக்கொண்டன. பிரிட்டிஷார் 1874-இல் செய்துவைத்த பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பிறகு சண்டை அடங்கியது. கிளியான் பாவ் என்று இருந்த ஊருக்கு, பேரமைதி என்று பொருள்படும் தைப்பிங் என்ற பெயர் வந்தது.

எங்கள் பக்கத்திலும் ஈயக் குட்டைகள் எத்தனையோ உண்டு. புதர் மண்டிக் கிடக்கும். பிள்ளைகள் குளிக்கப் போய் மூழ்கிப்போன கதை இல்லாத குட்டை அபூர்வம். அதே மாதிரிக் குழிகள்தான் இங்கே புல்லும் மரமும் சூழ 64 ஹெக்டர் பூங்காவாகியிருக்கின்றன. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்தப் பூங்காவை மற்ற எல்லாப் பூங்காக்களுக்கும் மேலே வைப்பேன்.

அப்புறம் மரங்கள். ஏரியோரச் சாலையில் நிற்பவை நூறு வயது தாண்டிய தூங்குமூஞ்சி மரங்கள். அடிமரம் சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கும். கிளைகள் நம் தலைக்கு மேலாகச் சாலையைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் ஏரித் தண்ணீரை எட்டித் தொடும். வெளிச்சம் ஏரிமேல்தான் திறந்து கிடக்கிறது, அதைத் தேடித்தான் அவ்வளவு நீளம் போயிருக்கின்றன. அம்மா ஒரு மரத்தடியில் நின்று பட்டையை உள்ளங்கையால் தடவினார். பிறகு கட்டைவிரல் நகத்தால், இடமிருந்து வலமாகக் கீழ்நோக்கிச் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். பால்மரத்தில் கத்தி போகிற அதே சாய்வு. "பட்டை தடிப்பு. பால் இல்லாத மரம், அதான் காயம் படாம நிக்குது" என்றார்.

எங்கள் தோட்டத்தில் புல்தரை என்றால் அது துரை பங்களா வாசலில்தான். பத்து வயதில் அம்மா அங்கே களை பிடுங்கியிருக்கிறார், உட்கார்ந்ததில்லை. தைப்பிங்கிலும் இந்தப் பக்கத்துச் சாலைக்கு அந்தக் காலத்தில் ரெசிடென்சி சாலை, அதாவது ரெசிடெண்ட் மாளிகைச் சாலை, என்றுதான் பெயர். அன்று மாலை அங்கே ஒரு மலாய்க் குடும்பம் பாய் விரித்து நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு சீனப் பாட்டிகள் கையை வீசி வீசி நடந்தார்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

ஐந்து மணிவரை கட்டாயம் இருங்கள். மலாய்க்காரர்கள் இந்த மரத்தை 'போக்கோக் புக்குல் லீமா', ஐந்து மணி மரம் என்பார்கள். தாழ்ந்த கிளை ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். அசைவு கண்ணுக்குத் தெரியவில்லை. ஃப்ளாஸ்க்கில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நிமிர்ந்தால் சிற்றிலைகள் பாதி மடங்கி, அதுவரை மூடிக்கிடந்த வானம் இடையிடையே தெரிந்தது. "தொட்டாச்சிணுங்கி மாதிரி, ஆனா யாரும் தொடல" என்றார் அம்மா.

குறைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், வந்தவர்கள் விட்டுப்போன பிளாஸ்டிக் பைகள் ஏரியோரத்தில் ஒதுங்கிக் கிடந்தன. பார்க்கவே வேதனையாக இருந்தது. வெளியே நாங்கள் சாப்பிட்ட ஒரு கடையில் விலைப் பட்டியல் இல்லை, மூன்று பேர் மீ கோரிங்குக்கு (வறுத்த நூடுல்ஸ்) 42 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள். விலையைக் கேட்டுக்கொண்டு உட்காருங்கள், அல்லது வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். 1961-இல் திறந்த மிருகக்காட்சிசாலையும் பூங்காவை ஒட்டியே இருக்கிறது. அதற்குத் தனி டிக்கெட். வயதானவர்களோடு போனால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் ஊர் தைப்பிங், ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர். புக்கிட் லாருட் மலை கறுத்தால் பத்து நிமிஷத்தில் கொட்டும். ஆளுக்கொரு குடை வேண்டும்.

அடுத்த தடவை புதன்கிழமை போகலாம், கூட்டம் இருக்காது என்கிறார் அம்மா. பெரிய பாயை இப்போதே எடுத்துக் கழுவிக் காயப்போட்டிருக்கிறார்.