46,500 ரூபாய்க்கு நான் வாங்கிய பதினான்கு குச்சிகள்: ஊட்டியில் வீட்டுத் தோட்டம் போட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எங்கள் தோட்டத்துக்கு மரக்கன்று விற்றவரை நேற்று மாலை என் எண்ணிலிருந்து ஆறு முறை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஏழாவது முறை மனைவியின் எண்ணிலிருந்து அழைத்தபோது முதல் மணியிலேயே எடுத்து, மிகவும் இனிமையாக "வணக்கம், சொல்லுங்கம்மா" என்றவர், என் குரலைக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். அவரை 'அவர்' என்று எழுத மனம் வரவில்லை; அரசு அலுவலகத்தில் 31 ஆண்டுகள் எழுதிய கை, பழக்கத்தை விட மறுக்கிறது. இரவு முழுக்கத் தூக்கம் வராமல், காலையில் எழுந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். என்னைப் போல இன்னொருவர் ஏமாறக் கூடாது என்பதற்காக, இந்த மலையில் எந்த மரத்தை எங்கே வைக்கலாம் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் கருவூலத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்காலத்தைக் குளிர்ந்த இடத்தில் கழிக்க வேண்டும் என்ற ஆசையில், ஊட்டியிலிருந்து தலைகுந்தா போகும் பக்கத்தில், சரிவின் அடியில், ஓடைக்கு அருகில் பன்னிரண்டு சென்ட் நிலம் வாங்கி வீடு கட்டினோம். வீட்டைச் சுற்றிப் பழமரங்கள் வேண்டும் என்பது மனைவியின் விருப்பம். இணையத்தில் நாற்று விற்பதோடு, வீட்டுக்கே ஆள் அனுப்பி மண்ணைப் பார்த்து மரம் தேர்ந்தெடுத்துத் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்தை அழைத்தோம். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. புகார் கொடுக்கவிருக்கிறேன்; அதற்கு முன் நான் அவதூறு செய்ததாக அவர்கள் கிளம்பிவிடக் கூடாது.

ஜூன் மாதம் ஒரு நாள் தூறலில் வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, நேராகத் தோட்டத்துக்குப் போய் மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார். மனைவி முதலில் கேட்டது மாமரம். அதற்கு அவர் சொன்ன பதில்தான் எங்களை வீழ்த்தியது. "இல்லம்மா, இந்த உயரத்தில் மா வைத்தால் மரம் நிற்கும், பழம் வராது. வராது என்று தெரிந்தும் உங்களிடம் காசு வாங்கினால் எனக்குச் சோறு செரிக்காது" என்றார். விற்க வந்தவன் வாயிலிருந்து வேண்டாம் என்ற சொல் வந்ததும் நான் என் கணக்குப்பிள்ளைப் புத்தியை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். இருநூறு ரூபாய் மாங்கன்றை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக 46,500 ரூபாயை அவர் வாங்கிக்கொண்டு போனார் என்பது இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் புரிகிறது.

அதன் பிறகு அவர் சொன்னதையெல்லாம் நாங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டோம். ஹாஸ் வகை ஒட்டு அவகாடோ (அந்த வகையின் கிளையை வேறொரு கன்றில் பொருத்தி வளர்த்தது) ஐந்து, ஒன்று 2,400 ரூபாய். மூன்றாம் ஆண்டே காய்க்கும் என்றார். காஷ்மீர் ஆப்பிள் மூன்று, ஒன்று 1,800. ஒட்டு பெர்சிமன் இரண்டு, ஒன்று 1,900. மங்குஸ்தான் இரண்டு, ஒன்று 1,600. பிளம்ஸ் இரண்டு, ஒன்று 1,300. நாற்றுக்கு மட்டும் 27,000. தோட்ட வரைபடம் என்று ஒரு தாளுக்கு 8,500. குழி எடுக்கவும் உரம் போடவும் 11,000. ஆக மொத்தம் 46,500 ரூபாய். போகும்போது, காற்றைத் தடுக்க என்று சுவரோரமாக ஆறு சைப்ரஸ் கன்றுகளை இனாமாக வைத்துவிட்டுப் போனார். அந்த இனாமைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மங்குஸ்தான் ஊட்டியில் வருமா என்று நான் கேட்காமல் இல்லை. "ஐயா, மே மாதம் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி பார்த்திருப்பீர்களே, அங்கே மங்குஸ்தான் அடுக்கி வைத்திருப்பார்களே, அதெல்லாம் நம் நீலகிரியில் விளைந்ததுதானே" என்றார். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பர்லியார் அரசுப் பழப்பண்ணையில் மங்குஸ்தான் விளைகிறது; பர்லியாரும் நீலகிரி மாவட்டம்தான். ஆனால் அது மேட்டுப்பாளையம் சாலையில் மலையின் கீழ்ப்பகுதியில், பாக்கும் கிராம்பும் ஜாதிக்காயும் விளையும் புழுக்கமான இடம். ஊட்டி சுமார் 7,300 அடி உயரத்தில் இருக்கிறது. பேருந்தில் குன்னூரிலிருந்து இறங்கும்போது பர்லியாரில் ஸ்வெட்டரைக் கழற்றுகிறோமே, அந்த ஒன்றையாவது நான் யோசித்திருக்கலாம். மாவட்டம் ஒன்று என்பதால் காற்றும் ஒன்றாகிவிடுமா?

ஆகஸ்டில் பெர்சிமன் இரண்டும் துளிர்த்தபோது மனைவி படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள். பக்கத்துச் சரிவில் குடியிருக்கும் ஓர் அண்ணன், அரசுப் பழப்பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், படத்தைப் பார்த்துவிட்டு நேரில் வந்தார். குனிந்து பார்த்தவர், "துளிர் ஒட்டுக்குக் கீழேயிருந்து வந்திருக்கிறது, மேலே வைத்த ஒட்டுக்கிளை காய்ந்து கிடக்கிறது" என்றார். வேர்ச்செடி தன் பாட்டுக்கு வளரும், நாம் காசு கொடுத்த வகை அதில் இருக்காது என்று விளக்கினார். அன்றே விற்றவரை அழைத்தேன். "துளிர் துளிர்தானே ஐயா, எங்கேயிருந்து வந்தால் என்ன, செடி உயிரோடு இருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள்" என்றார். நான் சந்தோஷப்பட்டேன் என்பதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

நவம்பரில் அவகாடோ இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. அழைத்தேன். "வேர் பிடிக்கிற காலம், பொறுமையாக இருங்கள்" என்றார். டிசம்பரில் உறைபனி விழுந்த மறுநாள் காலையில், புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியது போல வெளுத்திருந்தது; பத்து மணி வெயில் பட்டதும் ஐந்து அவகாடோவும் வெந்த கீரையைப் போலத் தொங்கிக் கறுத்துப் போயின. மங்குஸ்தான் அதற்கு முன்பே போய்விட்டது. மறுபடியும் அழைத்தேன். "குளிர்காலத்தில் இலை உதிர்வது இயற்கை ஐயா, மார்ச்சில் பாருங்கள், மளமளவென்று துளிர்க்கும்" என்றார். பிளம்ஸ், ஆப்பிள், பெர்சிமன் ஆகியவை இலையுதிர்த்துத் தூங்கும் மரங்கள். அவகாடோ ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் மரம், அது குளிருக்காக மொட்டையாவதில்லை. இதை எனக்குச் சொன்னவரும் அந்த அண்ணன்தான்.

அவர்தான் செத்த அவகாடோ ஒன்றைப் பிடுங்கச் சொன்னார். தண்டில் ஒட்டுக் கட்டியதற்கு அடையாளமாகச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் நாடாவை நகத்தால் பிரித்தார். உண்மையான ஒட்டுச்செடியாக இருந்தால், அந்த இடத்தில் தண்டு கொஞ்சம் புடைத்து, கோணி, வெட்டிச் சேர்த்த தழும்போடு இருக்கும். நாடாவுக்கு அடியில் தண்டு வழவழவென்று இருந்தது. கத்தியே படாத செடி. மற்ற நான்கிலும் பிரித்துப் பார்த்தோம், நான்கும் அப்படியே. விதை போட்டு முளைக்க வைத்த கன்றுக்கு நாடாவைச் சுற்றி, ஹாஸ் என்று சீட்டுத் தொங்கவிட்டு, 2,400 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். உறைபனி வராமல் இருந்திருந்தாலும் விதைக் கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேலாகும். காய்த்தாலும் தாய் மரத்தின் பழம் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. பனி எனக்கு ஒரு வகையில் நல்லதே செய்தது. இல்லாவிட்டால் நாடாவைப் பிரிக்காமலே இருந்திருப்பேன்.

எங்கள் வீடு இருக்கும் இடமே பனிக்குழி என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மேகமில்லாத இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. அதை ஒட்டிய குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கி, பள்ளத்தில் வந்து தேங்குகிறது. மேட்டில் அண்ணன் வீட்டு மரத்தக்காளி பச்சையாக நிற்க, அதே இரவில் எங்கள் வீட்டு மரத்தக்காளி கறுத்துப்போனது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருநூறு அடி தூரம்கூட இல்லை. வரைபடத்துக்கு 8,500 ரூபாய் வாங்கியவர், ஓடை எங்கே ஓடுகிறது என்று கேட்கவே இல்லை. வரைபடத்தில் ஓடையும் இல்லை.

ஆப்பிளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "இங்கேதான் பூஜ்யம் டிகிரி வரை போகிறதே, காஷ்மீர் ஆப்பிளுக்கு வேறென்ன வேண்டும்" என்றார் விற்றவர். காஷ்மீரில் வளரும் வகைகள் பலவற்றுக்கு, ஒழுங்காகப் பூத்துக் காய்க்க, குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே சுமார் 1,000 மணி நேரம் தேவைப்படுகிறது. நமக்கு இரவில் உறைகிறது, பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அந்த மணிக்கணக்கு சேர்வதில்லை. குறைந்த குளிர் போதும் என்ற அன்னா, டார்செட் கோல்டன் போன்ற வகைகளை அருகருகே வைத்தால் ஒன்றின் மகரந்தம் மற்றொன்றுக்கு உதவும். என் தலையில் கட்டிய மூன்றும் ஒரே வகை. உயிரோடுதான் இருக்கின்றன, அழகுக்கு.

இப்போது அந்த இனாம். பதினான்கு செடியில் ஏழு செத்துப்போக, இனாமாக வந்த சைப்ரஸ் ஆறும் ஒரு சேதமும் இல்லாமல் கொழுகொழுவென்று நிற்கின்றன. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வைத்திருக்கிறார். அது அறுபது அடிக்கு மேல் வளரக்கூடிய மரம். வளர்ந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்றால், இங்கே 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம் பட்டா நிலத்தில் நாமே நட்ட மரமானாலும், முறையாக விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அந்தச் சட்டம் இருப்பதால்தான் இந்த மலை இன்னும் மலையாக இருக்கிறது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் சமவெளியிலிருந்து வருபவர்களுக்கு இது தெரியாது, விற்பவர்கள் சொல்வதும் இல்லை.

ஜனவரி முதல் வாரத்தில் நிறுவனத்தின் அலுவலக எண்ணுக்கே அழைத்தேன். ஒரு பெண் பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, புகார் எண் கொடுத்து, 48 மணி நேரத்தில் அழைப்பதாகச் சொன்னாள். எட்டு நாள் கழித்து நானே அழைத்தபோது அந்தப் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று பதிவாகியிருப்பதாகச் சொன்னார்கள். யார் தீர்த்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிறகு ஒருவர் பேசினார்: செடிக்கு உத்தரவாதம் 90 நாள்தானாம், பணத்துக்குக் கொடுத்த சீட்டின் பின்புறம் அச்சடித்திருக்கிறதாம். திருப்பிப் பார்த்தேன், எறும்பு எழுத்தில் இருந்தது. ஜூனில் நட்டால் 90 நாள் செப்டம்பரில் முடிகிறது. நவம்பரில் தொடங்குகிற பனி அந்த உத்தரவாதத்தை எந்த ஆண்டிலும் தொடாது. 46,500 ரூபாய்க்கு அவர்கள் கொடுத்ததும் ரசீது அல்ல, 'மதிப்பீட்டுச் சீட்டு'. ஜிஎஸ்டி எண் இல்லை, செடியின் வகைப் பெயர் இல்லை, 'பழச்செடி 14' என்று மட்டும் இருக்கிறது. 31 ஆண்டுகள் அடுத்தவர் பில்லில் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவன் நான்.

விரிவாகச் சொல்வதாக ஆரம்பத்தில் எழுதினேன். எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது, இந்த அளவோடு விடுகிறேன். ஒட்டுச்செடி என்றால் நாடாவைப் பிரித்துத் தழும்பைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். வகைப் பெயரோடு ரசீது தராதவரிடம் வாங்காதீர்கள். நடுவதற்கு முன் ஒரு பனிக்காலத்தைக் காத்திருந்து, உங்கள் நிலத்தில் எந்த மூலை வெளுக்கிறது என்று பாருங்கள். அந்த மூலையில் பேரியும் பிளம்ஸும் போல இலையுதிர்க்கும் மரங்களைத் தவிர வேறெதையும் வைக்க வேண்டாம். பக்கத்து வீட்டில் இருபது ஆண்டாகக் காய்க்கும் மரம் எதுவோ, அதையே கேட்டு வாங்குங்கள். இவ்வளவுதான்.

பிளம்ஸ் இரண்டும் இலையுதிர்த்து நிற்கின்றன. அவை பிளம்ஸ்தானா என்பது பூத்தால்தான் தெரியும். நாளை காலை நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். ஐந்து இலட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்கிறார்கள். பிரித்த ஐந்து நாடாவையும் ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். சைப்ரஸ் கன்றுகள் ஆறும் இன்னும் இடுப்பளவுதான் இருக்கின்றன; வீட்டை விட்டு நன்றாகத் தள்ளி வைக்க இடம் உள்ளவர்கள் மண்வெட்டியோடு வந்து வேரோடு எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம்.