வார்ப்பிரும்பு பிளாக்குக்கு லைனர் தேவையா? மூன்று டீசல் என்ஜின்களும் 14 வருடமும்

என்னிடம் மூன்று டீசல் என்ஜின்கள் 14 வருடமாக ஓடுகின்றன. மூன்றிலும் பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் பெரிய உடல், வார்ப்பிரும்புதான். லைனர் என்பது சிலிண்டர் துளைக்குள் தனியாக இறக்கும் குழாய், பிஸ்டன் அதற்குள் ஓடும். ஜெனரேட்டரில் இருப்பதற்கு லைனரே கிடையாது, பிளாக்கில் குடைந்த துளையிலேயே பிஸ்டன் ஓடுகிறது. டிராக்டரில் டிரை லைனர், அதாவது பிளாக் துளையோடு ஒட்டி நிற்கும், கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) நேராகப் படாத வகை. தண்ணீர் பம்பில் வெட் லைனர், அதாவது லைனரின் முதுகில் கூலன்ட் நேராகப் படும் வகை.

‘லைனர் இல்லாத என்ஜின் சீக்கிரம் தேய்ந்துவிடும்’ என்று சொல்லித்தான் ஜெனரேட்டரை என்னிடம் கொடுத்தார்கள். நானும் அதை நம்பினேன். 9,000 மணி நேரம் வரை தலைவலி எதுவும் தரவில்லை. அதன் பிறகுதான் ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவெனப் புகை வரத் தொடங்கியது. ஆயில் மாற்றும் நாளுக்குள் இரண்டு லிட்டர் கூடுதலாக ஊற்ற வேண்டியிருந்தது.

சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றினோம். நான்கு சிலிண்டரிலும் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தில் தட்டும்படி ஒரு வரப்பு. துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வைத்துப் பார்த்தால் மேலே 0.14 மி.மீ. தேய்மானம். கீழ்ப்பாதியிலோ ஆயில் தங்குவதற்காக முதல் நாள் தேய்த்துப் போட்ட ஹோனிங் கோடுகள் அப்படியே குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தன! இதை முதல்முறை பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பு. பிஸ்டனின் மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில்தான் சூடும் அழுத்தமும் அதிகம். ஆயில் படலம் மெலிந்து போவதும் அங்கேதான். ஃபில்டரைத் தாண்டி வரும் தூசியும் அங்கேதான் அரைபடுகிறது. லைனர் போட்ட என்ஜினும் அதே இடத்தில்தான் தேயும்.

மெக்கானிக் நான்குக்கும் லைனர் இறக்கிவிடலாம் என்றார். போரிங் போடுபவர் அளவுகளைப் பார்த்துவிட்டு மறுத்தார். “அண்ணே, சுவர்ல இன்னும் கனம் இருக்கு. அரை எம்எம் போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டுங்க. லைனரை எப்ப வேணா போட்டுக்கலாம், வெட்டின பிளாக்கைத் திரும்ப ஒட்ட முடியாது.” அவர் சொன்னபடியே துளையை அரை மி.மீ. அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் (ஓவர்சைஸ்) மாட்டினேன். அதற்குப் பிறகு இதுவரை 6,000 மணி நேரம் ஓடிவிட்டது. ஆயில் குறைவதே இல்லை.

இது எப்படிச் சாத்தியம் என்றால், பதில் அந்த இரும்பிலேயே இருக்கிறது. சாம்பல் வார்ப்பிரும்பில் 3 சதவீதத்துக்கு மேல் கார்பன் உண்டு, அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாகப் பரவிக் கிடக்கும். கிராஃபைட் தானே ஒரு மசகு. செதில் உதிர்ந்த சின்னக் குழிகளில் ஆயிலும் தங்கும். அலுமினியத்துக்கு இந்தக் குணம் இல்லை. அதனால்தான் அலுமினிய பிளாக்கில் பெரும்பாலும் இரும்பு லைனரோ கடினமான பூச்சோ வைக்கிறார்கள். அலுமினியத்துக்குச் சொன்ன விதியை இரும்புக்கும் சேர்த்துச் சொல்லும்போதுதான் இந்தக் குழப்பம் வருகிறது. கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் பி வரிசையில் லைனர் இல்லை, அதே நிறுவனத்தின் 8.3 லிட்டர் சி வரிசையில் வெட் லைனர் உண்டு. இரண்டுமே வார்ப்பிரும்பு டீசல்கள்தான். லைனர் தேவையா என்பதை இரும்பு முடிவு செய்வதில்லை. தேய்ந்த பிறகு எப்படிப் பழுது பார்க்கப் போகிறோம் என்பதுதான் முடிவு செய்கிறது.

லைனரிலும் நல்ல விஷயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பிளாக்கை வார்க்கவும் வேண்டும், கடையவும் வேண்டும் என்பதால் அதன் இரும்பில் ஓரளவு சமரசம் இருக்கும். லைனரைத் தனியாகச் சுழற்றி வார்ப்பதால் இன்னும் நெருக்கமான, கடினமான இரும்பில் செய்யலாம்.

ஆனால் இறக்கும் விதம் தப்பினால் அதில் ஒரு பயனும் இல்லை. டிராக்டரில் அதைத்தான் அனுபவித்தேன். அதுவும் முதலில் லைனர் இல்லாத பிளாக்தான். எனக்கு முன் வைத்திருந்தவர் ஒரு சிலிண்டரில் பிஸ்டன் இறுகிச் சீஸ் ஆனதற்காக எல்லாவற்றிலும் டிரை லைனர் இறக்கியிருந்தார். என் கையில் வந்த பிறகு ஒரே வருடத்தில் இரண்டு முறை ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) எரிந்தது, இரண்டுமே மூன்றாவது சிலிண்டர் பக்கம். நேர்விளிம்பு வைத்துப் பார்த்தபோது அந்த லைனர் பிளாக் முகத்தைவிட 0.2 மி.மீ. இறங்கியிருந்தது. குடையும்போது லைனர் உட்கார அடியில் படி விடாமல் நேராக வெட்டிவிட்டிருந்தார்கள். இறுக்கமும் போதவில்லை. பிடுங்கிய லைனரின் முதுகு திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தது. அந்த இடங்களில் அது பிளாக்கோடு ஒட்டவே இல்லை, சூடு கூலன்டுக்குப் போக வழியில்லாமல் நின்றிருக்கிறது. அடியில் படி விட்டு, சரியான இறுக்கத்தில் புது லைனர் இறக்கி, முகத்தையும் சேர்த்துச் சமன்படுத்திய பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது.

பம்பு விஷயத்தில் தவறு என்னுடையது. இரண்டு வருடம் கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரிலேயே ஓட்டினேன். ஒருநாள் டிப்ஸ்டிக்கில் ஆயில் வெண்குழம்பாக வந்தது. லைனரை உருவினால், பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கத்தில் மட்டும் ஊசியால் குத்தியதுபோல் வரிசையாகக் குழிகள். ஒன்று உள்ளே வரை ஓட்டையாகியிருந்தது. பிஸ்டன் தட்டும்போது சுவர் அதிர்கிறது, தண்ணீரில் நுண்குமிழ்கள் பிறந்து சுவரின் மேலேயே வெடித்து, இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுக்கின்றன. பிளாக்கை இறக்காமலே அந்த லைனரையும் ஓ-ரிங்குகளையும் ரிங் செட்டையும் மாற்றி, ஒன்றரை நாளில் மறுபடி ஓட்டிவிட்டேன். வெட் லைனரின் அருமை எனக்குப் புரிந்த நாள் அது.

லைனர் இல்லாவிட்டால் இந்தக் கோளாறு வராது என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஃபோர்டு வண்டிகளில் வந்த 6.9, 7.3 லிட்டர் இன்டர்நேஷனல் டீசல்களில் லைனர் கிடையாது. அவற்றிலும் இதே குழிவு சிலிண்டர் சுவரைத் துளைத்தது. ஓட்டையான பிளாக்கைக் காப்பாற்ற அங்கே லைனர்தான் இறக்கினார்கள். கூலன்டில் அதற்குரிய சேர்மானத்தை அளவாக வைத்திருப்பதுதான் இதற்குத் தடுப்பு. இப்போது மூன்று என்ஜினிலும் சோதனைத் தாள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்கிறேன்.

சுவரில் விரிசலோ ஓட்டையோ இருந்தால், ஆழமான கீறல் விழுந்திருந்தால், ஓவர்சைஸ் எல்லாம் தீர்ந்துவிட்டால் லைனர் போடுங்கள். பழுதான சிலிண்டர் ஒன்றே என்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் போதும். வெறும் தேய்மானத்துக்கு முதலில் போர் கேஜைக் கேளுங்கள். என் ஜெனரேட்டர் இப்போது 0.50 ஓவர்சைஸில் நிற்கிறது. அதற்கு 1.00 மி.மீ. வரை பிஸ்டன் கிடைக்கிறது. அதுவும் தேய்ந்த பிறகு லைனரைப் பற்றி யோசிப்பேன்.